மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ரஸ்தாளி

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ரஸ்தாளி, பூவன், கற்பூரவள்ளி மூன்றிலும் ஒவ்வொரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் நாலைந்து பேரை உட்கார வைத்துக் கண்ணைத் துணியால் கட்டி, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோலுரித்த பழத்தில் ஒரு துண்டை வாயில் வையுங்கள். என்ன பழம் என்று கேட்டால் "வாழப்பழம்" என்று சட்டென்று பதில் வரும். வாய்க்குள் குழையும் விதமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த வாழைப்பழம் என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம். இனிக்கிறது, லேசாகப் புளிக்கிறது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இப்போது மூக்கை விடச் சொல்லுங்கள். வாயிலிருப்பது அதே துண்டுதான். ஆனால் அடுத்த மூச்சில் ரஸ்தாளி ரஸ்தாளியாகிவிடும்.

துண்டு சின்னதாக இருக்கட்டும். சிரித்துக்கொண்டே விழுங்கினால் புரையேறும்.

ஐம்புலன் பாடம் என்றால் பெரும்பாலான பள்ளிகளில் சுவரில் ஒரு படம் இருக்கும். நடுவே சிரித்த முகம். கண்ணிலிருந்து ஓர் அம்புக்குறி: பார்க்கும். காதிலிருந்து இன்னொன்று: கேட்கும். குழந்தைகள் கோரஸாகச் சொல்வார்கள், பயிற்சித்தாளில் கோடு போட்டுப் பொருத்துவார்கள், பாடம் முடிந்துவிடும். கண்ணால்தான் பார்க்கிறோம் என்று தெரியாத மூன்று வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது? பொம்மையை ஒளித்து வைக்கும்போது நம் கண்ணைத்தானே வந்து பொத்துகிறது, காதையா பொத்துகிறது? தெரிந்ததையே திரும்பச் சொல்ல வைப்பதற்கு ஒரு படம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

குழந்தைக்குத் தெரியாதது வேறு. நாக்கு வேலை செய்வதாக நினைக்கும் இடத்தில் மூக்கு வேலை செய்துகொண்டிருக்கும். புலன்கள் சலித்துப்போகும், ஏமாறும், ஒன்றின் கணக்கை இன்னொன்று திருத்தும். அம்புக்குறிப் படத்தில் இதற்கு இடமே இல்லை. இதைக் காட்டுவதற்குத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் தோதான ஊர்கள். கருவி என்று எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

முதலில் அந்தப் பழம். நாக்கில் உள்ள சுவை மொட்டுகளுக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு ஜப்பானியர் 'உமாமி' என்று பெயரிட்ட ஒரு சுவையும்தான். டோக்கியோவில் கிக்குனே இக்கேதா என்ற வேதியியலர் 1908இல் கடற்பாசிக் குழம்பிலிருந்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். நம் சமையலில் பழுத்த தக்காளியும் காளானும் அந்தச் சுவையைத் தருபவை. வாழைப்பழத்தைப் பற்றி நாக்கு சொல்லக்கூடியது இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்பது மட்டுமே. மிச்சமெல்லாம் வாசனை. மெல்லும்போது பழத்திலிருந்து கிளம்பும் ஆவி, தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்கூரைக்கு ஏறுகிறது. மூக்கைப் பிடித்திருந்தால் உள்ளே காற்றோட்டம் நின்றுபோகிறது, ஆவி மேலே போய்ச் சேருவதில்லை. சளி பிடித்த நாளில் சாம்பாரும் ரசமும் ஒன்றுபோல இருப்பது இதனால்தான். நாக்கு அன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது.

வாழைப்பழ வாசனையில் முக்கியமானது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருள். தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை உசுப்பிவிட வெளியிடும் அபாய வாசனையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. கூட்டின் பக்கத்தில் நின்று வாழைப்பழம் சாப்பிடாதே என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. குழந்தைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அம்புக்குறிப் படத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். திருச்சிக்கு அருகே தாயனூரில், 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வாழை வகைகளை அங்கே சேர்த்து வளர்க்கிறார்கள். இந்த ஊர்க் குழந்தைக்கு மூக்கின் பாடத்தை வாழைப்பழத்தில் தொடங்காமல் ஆப்பிளில் தொடங்குவது அநியாயம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வீட்டில் பாட்டி அறுசுவை என்று சொல்லிக்கொடுத்திருப்பார். பள்ளியில் சுவை ஐந்து என்றால் குழந்தை எதை நம்பும்? இரண்டையும் நம்பலாம். பாட்டியின் கணக்கில் உள்ள காரமும் துவர்ப்பும் வாய்க்குள் நடப்பவைதான், ஆனால் சுவை மொட்டுகளில் நடப்பவை அல்ல. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறது. அதிலுள்ள டானின், எச்சிலின் வழவழப்புக்குக் காரணமான புரதங்களோடு ஒட்டித் திரிந்துவிடுகிறது. வழுக்கல் போய் வாய்க்குள் தோலும் தோலும் உரசுகிறது. ஆகவே துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்வு. காரத்தின் கதை இன்னும் சுவையானது. அதற்கு ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒன்று. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் வரைபடம் இன்னும் சில புத்தகங்களில் வருகிறது. டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901இல் கண்டது, இடத்துக்கு இடம் மிகச் சிறிய வித்தியாசம் மட்டுமே. பிறகு 1942இல் ஓர் அமெரிக்க உளவியல் நூலில் அது வரைபடமாகிப் பூதாகரமாகிவிட்டது. நாக்கின் நுனியில் ஒரு துளி பாகற்காய்ச் சாறு வைத்தால் அந்த வரைபடம் அங்கேயே பொய்த்துவிடும். குழந்தை உங்கள்மேல் கோபப்படும், அவ்வளவுதான்.

சித்திரை மாதத்து நடுப்பகலில், ஸ்ரீரங்கம் கோவிலின் வெளிப் பிரகாரத்துக் கல்தரையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு 43 டிகிரி செல்சியஸ் என்றால் என்னவென்று காலுக்குத் தெரியும். தோலில் உள்ள நரம்பு முனைகளில் ட்ரிப்வி1 என்ற புரதம் இருக்கிறது. ஏறக்குறைய அந்த வெப்பநிலையில் அது திறந்துகொண்டு 'சுடுகிறது' என்ற செய்தியை அனுப்புகிறது. மிளகாயில் உள்ள காப்சைசினும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. சூடே இல்லாத மிளகாயைக் கடித்தால் மூளைக்கு வாய் வெந்துவிட்டது என்ற தந்தி போகிறது. வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கிறோம். கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதைக் கண்டறிந்தது. அழுத்தத்தை உணரும் பியெசோ புரதங்களை ஆர்டெம் பாட்டபூட்டியனின் குழு 2010இல் கண்டது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. தொடுவுணர்வு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது, வெவ்வேறு புரதங்கள் வெவ்வேறு நரம்புகளில் செய்யும் பல வேலைகளின் தொகுப்பு என்று அந்தப் பரிசு உறுதி செய்தது.

பறவைகளிடமும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அவற்றின் புரதம் காப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. கோபுரத்துக் கிளி பச்சை மிளகாயை நிதானமாகக் கொறிப்பதற்கு வீரம் காரணமல்ல. ஆண்டாளின் கையில் கிளியைப் பார்த்து வளர்கிற குழந்தைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

சுடுகல்லில் இன்னொரு பாடமும் உண்டு. கால் முதலில் துள்ளும், 'சுடுதே' என்பது பிறகுதான் தோன்றும். காலிலிருந்து போகும் செய்தி முதுகுத்தண்டிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காலைத் தூக்கச் சொல்லிவிடுகிறது, மூளைக்குத் தகவல் பின்னால் வந்து சேருகிறது. குழந்தைகளைச் சுடுகல்லில் நிறுத்தி இதைச் சோதிக்கச் சொல்லவில்லை. பிரகாரத்தில் விரித்த நார்விரிப்பிலிருந்து ஓரடி தவறி வைத்த கால் என்ன செய்தது என்று நினைவுபடுத்திக் கேட்டால் போதும்.

வீட்டிலேயே செய்யத்தக்கது மூன்று கிண்ண விளையாட்டு. ஒன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர், நடுவில் வெறும் குழாய்த் தண்ணீர். ஒரு கையை வெந்நீரிலும் மற்றதைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் நடுக்கிண்ணத்தில் விடச் சொல்லுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சுடும், இன்னொரு கைக்கு ஜில்லென்றிருக்கும். இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்தார். தோல் தெர்மாமீட்டர் அல்ல. இதுவரை இருந்ததிலிருந்து எவ்வளவு மாறியது என்பதைத்தான் அது சொல்கிறது. குழந்தைகள் இதை நம்ப மறுத்து மறுபடி மறுபடி கையை விடுவார்கள். விடட்டும், தரையை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.

மாற்றத்தை மட்டும் சொல்லும் இதே குணம் மூக்கிலும் உண்டு. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் நுழையும் கணத்தில் மல்லிகை முகத்தில் அறைகிறது. கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றுமே தெரிவதில்லை. பூக்கட்டும் அம்மாவிடம் வாசனை எப்படியிருக்கிறது என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வெளியே போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தால் மறுபடி அந்த அறை. மாறாத வாசனையை மூளை செய்தியாக மதிப்பதில்லை, புதிதாக வருவதற்கு இடம் வைத்துக்கொள்கிறது. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருளும் சிறிதளவு கலந்திருக்கிறது. அளவு கூடினால் அதே பொருள் மலத்தின் நாற்றம். இதைச் சொன்னதும் வகுப்பில் எழும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும் என்பதால் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் சொல்வது நல்லது.

மனித மூக்கில் வாசனையைப் பிடிக்கும் உணர்வேற்பிகள் ஏறத்தாழ 400 வகை. இவற்றின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பெற்றார்கள். ஒவ்வொரு மணமும் இந்த 400இல் எவையெவை தூண்டப்படுகின்றன என்ற சேர்க்கையால் அடையாளம் பெறுகிறது. 247 எழுத்துகளைக் கொண்டு எத்தனையோ சொற்களை எழுதிவிடுகிறோமே, அப்படி. ஆப்பிரிக்க யானையிடம் இந்த மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 இருப்பதாக 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். நாய்க்குக்கூட அதில் பாதிக்கும் குறைவுதான். கோவில் யானை துதிக்கையைத் தூக்கிக் காற்றில் அலைய விடும்போது ஆசி வழங்குவதாக நினைக்கிறோம். அது நம்மை முகர்ந்து படித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து நடக்கிற தூரம்தான் திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களில் அது நீருக்குரியது. நம் பழைய தத்துவங்கள் நீரைச் சுவையோடும், நிலத்தை மணத்தோடும், வானைச் செவியோடும் இணைத்தன. 1888 நவம்பர் 7 அன்று அந்த ஊரில் பிறந்த சி.வி. ராமன் ஆராயப் புறப்பட்டதோ ஒலியையும் ஒளியையும். ராமன் விளைவுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1920இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றியது.

சாதாரணத் தோல் கொட்டை அடித்தால் எழும் துணை ஒலிகளின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14 என்று முழு எண்ணில் நிற்காத விகிதத்தில் இருக்கும். ஆகவே காதுக்கு அது 'தொம்' என்ற சத்தமே தவிர ஸ்வரமாகாது. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு கல்பொடி பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய கருப்பு வட்டம் இருக்கிறதே, அந்தப் பாரம் தோலின் அதிர்வுகளை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. தம்புராவோடு மிருதங்கம் சுருதி சேருவது அதனால்தான். எந்த இயற்பியல் புத்தகமும் இல்லாமல், காதை மட்டும் நம்பி மிருதங்கம் செய்தவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ராமன் அவர்களைப் பெருமையோடுதான் குறிப்பிட்டார். தோலின் எந்தப் பகுதி அதிர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்று காண அவர் மெல்லிய மணலைத் தூவிப் பார்த்தார். அதிரும் இடத்து மணல் துள்ளி ஓடி, அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்து கோலமாக நிற்கும்.

இதை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யலாம். வாயை பலூன் ரப்பராலோ பிளாஸ்டிக் தாளாலோ இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் கேழ்வரகு தூவி, பக்கத்தில் வாயை வைத்து 'ஊ' என்று ஓங்கிப் பாடினால் கேழ்வரகு ஆடும். சுருதியை ஏற்றி இறக்கினால் ஓரிடத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். ஒலி என்பது அசைவு என்பதை வாயால் சொல்லாமலே குழந்தை கண்ணால் பார்த்துவிடுகிறது. காது கேளாத குழந்தை வகுப்பில் இருந்தால் ஊதிய பலூன் ஒன்றை இரு கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேளச் சத்தம் உள்ளங்கைக்கு வந்துவிடும். தோலுக்கடியில் உள்ள ஒருவகை உணர்வேற்பிகள் நொடிக்கு 250 அதிர்வு அளவில் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன, அது பேச்சும் இசையும் புழங்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஒரு புலனைத் தனியே பிரித்துப் பழக்குவது மரியா மாண்டிசோரி கையாண்ட வழி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவரை, இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப விடாமல் பிரிட்டிஷ் அரசு நிறுத்திவைத்தது. 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பெட்டிகளில் வெவ்வேறு தானியங்களைப் போட்டு, குலுக்கி, ஓசையால் ஜோடி சேர்ப்பது அவருடைய பயிற்சிகளில் ஒன்று. கடுகு, உளுந்து, புளியங்கொட்டை, ஆறு பழைய டப்பாக்கள் இருந்தால் நம் அங்கன்வாடியிலும் அது தயார். மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்றே ஒன்று மாறினால்தான் குழந்தையின் கவனம் அந்த ஒன்றில் நிற்கும். விஞ்ஞானிகள் சோதனை செய்யும் முறையும் இதுதானே.

கண்ணைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, மற்ற எல்லாப் பாடத்திலும் அதற்குத்தான் வேலை. ஒரே ஒரு சோதனை. வெயிலில் நின்றுவிட்டுக் கோவிலுக்குள் நுழைந்தால் முதலில் இருட்டு மட்டும் தெரியும். வரிசை நகர நகரத் தூண்களும் பிறகு சிற்பங்களும் தெளியும். விழித்திரையில் மங்கிய ஒளிக்கான செல்கள் முழுத் திறனை மீட்க அரை மணி நேரம்வரை ஆகும். நுழைவதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, உள்ளே போனதும் திறந்து இரண்டு கண்களாலும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியிருந்த கண்ணுக்குத் தூண் தெரியும், திறந்திருந்த கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிறங்களும் மங்கியிருக்கும், நிறம் பிரிக்கும் செல்களுக்கு அந்த வெளிச்சம் போதாது.

கொள்ளிடக் கரையோரம், மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 25 ஏக்கரில் விரிந்திருக்கிறது. அங்கே குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பூவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இலையில் உட்காருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். முட்டையிட இடம் தேடும் கறிவேப்பிலை அழகி, இலைமேல் முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். சுவை உணர்வு அதன் காலில் இருக்கிறது. இலை தன் புழுவுக்கு ஏற்றதா என்று காலால் ருசி பார்த்துத்தான் முட்டையிடுகிறது. இதே குடும்பத்து ஜப்பானிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் காலில், எலுமிச்சை இனத்து இலைகளிலுள்ள சினெஃப்ரின் என்ற பொருளை உணரும் புரதத்தை 2011இல் கண்டுபிடித்தார்கள். நாக்கால்தான் சுவைப்போம் என்ற அம்புக்குறி இந்தப் பூங்காவில் செல்லாது.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகைப்படுத்தும் யோசனை நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில் புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவுயிர். நத்தைக்கும் சிப்பிக்கும் சுவை சேர்ந்து இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மணம் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையோடு நான்கு. விலங்குகளுக்குச் செவியும் சேர்ந்து ஐந்து. மனிதருக்கு மனம் ஆறாவது. இன்றைய உயிரியல் இதை அப்படியே ஏற்காது. எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு, செடிகள் ஒளியை நன்றாகவே உணர்கின்றன. ஆனாலும் குழந்தைகளுக்கு அருமையான விளையாட்டு இது. நத்தை எத்தனையறிவு, அதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டால் அரை நாள் போய்விடும். கருவிலும் தொடுவுணர்வுதான் முதலில் முளைக்கிறது, ஏறக்குறைய எட்டாவது வாரத்தில், உதட்டைச் சுற்றி. உடனே, முன்னோர்களுக்குக் கருவியல் தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்கச் சிலர் கிளம்புவார்கள். கருவில் கடைசியாகத் தேறுவது பார்வை, மரபியலிலோ பார்வைக்குப் பின்னால் செவி. தற்செயலைத் தற்செயலாக ரசிக்கலாம்.

ஐந்து என்ற எண்ணை மேற்கே நிலைநாட்டியவர் அரிஸ்டாட்டில். இரு மரபுகளும் விட்டுவிட்ட ஒரு புலனைத் தெருவில் விளையாடும் குழந்தைகள் தினமும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டாமாலை சுற்றிவிட்டு நிற்கும்போது தெரு எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறதே, அதற்குக் காரணம் கண் அல்ல. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று திசைத் தளங்களில் இருக்கின்றன. தலை சுழலும்போது அவற்றில் உள்ள திரவமும் மெல்லச் சுழலத் தொடங்குகிறது. நாம் நின்ற பிறகும் திரவம் நிற்பதில்லை, உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் எதிர்ப்பக்கம் வளைந்து 'எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறாய்' என்கின்றன. கண் 'இல்லை' என்கிறது. இருவருக்கும் நடுவில் மாட்டிய மூளைக்குத் தலைசுற்றல்.

இன்னொன்று, உடல் தன் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று அறியும் புலன். தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகளால் இது நடக்கிறது என்று விளக்கி 1906இல் இதற்குப் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன். கண்ணை மூடி மூக்கு நுனியைத் தொடச் சொல்லுங்கள், விரல் தானாகப் போய்ச் சேரும். மலைக்கோட்டையில் பாறையைக் குடைந்த படிகளில் ஏறும்போது யாரும் ஒவ்வொரு படியாகக் காலைப் பார்ப்பதில்லை. நாலு படியில் பழகிய உயரத்துக்குக் கால் தானே எழுகிறது. நடுவில் ஒரு படி உயரம் மாறினால் உடனே தடுக்கும்.

புலன்கள் ஒன்றையொன்று கற்றுத்தான் சேர்ந்து இயங்குகின்றன என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எதுவென்று சொல்வாரா? 1688இல் வில்லியம் மோலினூ, மேலே சொன்ன ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்வி இது. மோலினூவின் மனைவி பார்வை இழந்தவர். பதில் கிடைக்க 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா இந்தியாவில் நடத்தும் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்து அறுவையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்தார்கள். அறுவைக்குப் பின் இரண்டு நாளுக்குள் செய்த சோதனையில், கையால் தொட்ட கட்டையைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. முடிவு 2011இல் வெளியானது. ஆனால் மறுபடி சோதிக்க முடிந்தவர்கள் சில நாட்களிலேயே அதைக் கற்றுவிட்டிருந்தார்கள்.

திருச்சி புத்தூரில் பார்வைக் குறைபாடுள்ள மாணவியருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். கொண்டை ஊசியின் இரு முனைகளை அவ்வளவு நெருக்கி விரல் நுனியில் வைத்தால் இரண்டு என்று தெரியும், முதுகில் வைத்தால் ஒன்றென்றுதான் தெரியும். முதுகில் இரண்டென்று தெரிய 4 சென்டிமீட்டர் அளவுக்கு விலக்க வேண்டும். கண்ணைக் கட்டி நடக்கவிட்டு 'பார்வையற்றோர் படும் பாடு இதுதான்' என்று சில வகுப்புகளில் சொல்கிறார்கள். அது தவறு. கட்டை அவிழ்க்கப் போகிறவரின் தடுமாற்றம் வேறு, பழகிய விரலின் திறமை வேறு. பிரெயில் படிப்பவர்களின் மூளையில், பார்வைக்கென்று இருந்த பகுதியே விரலின் செய்திகளுக்காக வேலை செய்வதை 1996இல் ஸ்கேனில் கண்டார்கள்.

விளையாட்டாகச் செய்யும் இந்தப் பாடத்தில் ஆசிரியை கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்தே ஒரு கண் மங்கலாக இருக்கும் குழந்தைக்கு அது மங்கல் என்று தெரியாது, உலகமே அப்படித்தான் என்று நினைத்திருக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது. மங்கலான கண்ணின் செய்தியை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடுகிறது. சோம்பேறிக் கண் என்பார்கள். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வைத்தால் சரிசெய்யலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும் விளையாட்டில்தான் அந்தக் குழந்தை முதன்முறையாக அகப்படுகிறது.

கண்ணாமூச்சியும் அப்படியே. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்திலிருந்து மூளை கணக்கிடுகிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே பக்கம் திரும்பும் குழந்தைக்கு ஒரு காதில் குறை இருக்கலாம், சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்களுக்கு நேரம் குறைவு, குழந்தைகள் நிறைய. 'வலப்பக்கம் கூப்பிட்டால் திரும்புவதில்லை', 'இடது கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டு அழுகிறாள்' என்று விளையாட்டின்போது ஆசிரியை நோட்டில் குறித்துவைத்த வரிகள் அந்த டாக்டருக்குப் பெரிய ஒத்தாசை. இரண்டாவது வரியில் பார்க்க வேண்டியது வலது கண்ணை.